உணவுச்சாலைச் சோதனையும் பழவேற்காட்டு மீனும்

மக்கள் தம் இல்லத்தடுப்பில் ஆக்கியதையே உண்டு வாழ்ந்த காலத்தில், உணவைச் சோதித்தற்கெனத் தனி அதிகாரி ஒருவர் வேண்டப்படவில்லை. சமைத்தவள் தாய், உண்டவர் அவள் மக்கள், மீன் கொணர்ந்தவள் நாள்தோறும் வாயிலில் வந்து குரல் கொடுக்கும் கூடைக்காரி. கெட்ட மீனை ஒருநாள் கொடுத்தால் மறுநாள் அவ்வாயிலில் அவள் நிற்றல் இயலாது. அறிமுகமே அங்குக் காவலாய் நின்றது. இக்காலத்திலோ நகரத் தெருக்களில் துரித உணவுச்சாலைகள் பெருகியுள்ளன. பாஸ்ட்புட் கடை என்று யாவரும் வழங்கும் இவற்றில், பொரித்த இறாலும் வறுத்த மீனும் கோழியும் கேட்ட சில நிமிடங்களில் கைக்கு வந்துவிடுகின்றன. ஆக்கியவர் முகத்தை உண்பவர் அறியார். அவ்விறால் எந்நீரில் பிறந்து எத்தனை கை மாறி வந்தது என்பதை ஆக்கியவரும் அறியார். அறிமுகம் நீங்கிய இடத்தில் அதன் வேலையைச் செய்யுமாறு அரசாங்கம் ஏற்படுத்தியதே உணவுச் சோதனை.

இச்சோதனை எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு நடைபெறுகின்றது, எவ்விடத்தில் தொடங்கவேண்டும் என்னும் மூன்றையும் ஈண்டு ஆராய்வோம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காட்டு ஏரியின் மீனவர் குப்பங்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நகரத்துத் தட்டில் வைக்கப்பெறும் மீனின் வரலாறு அத்தகைய குப்பங்களிலேதான் தொடங்குகின்றது. நகரத்துக் கடையொன்றில் நேரும் பிழையின் சுமையும் இறுதியில் அங்கேதான் இறங்குகின்றது.

சட்டத்தின் வளர்ச்சி

அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் உணவைப் பற்றிய முதற் பெருஞ்சட்டம் 1918-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கலப்படத் தடைச் சட்டமாகும். பாலில் நீரும் நெய்யில் வேறு கொழுப்பும் கலந்து விற்பாரை ஒறுத்தலே அதன் தலையாய நோக்கம். 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய், உணவு ஆகிய யாவற்றையும் ஒருங்கே எடுத்துக்கொண்டது. விடுதலை பெற்றபின், 1954-இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவாக இயற்றப்பட்டது. இறுதியாக வந்தது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். அதன் விதிகள் 2011 ஆகஸ்டு 5-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தன.

இச்சட்டங்களின் பெயர்களையே ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். முன்னவை கலப்படத்தைத் தடுக்கப் பிறந்தன. பின்னது பாதுகாப்பை நாடிப் பிறந்தது. கலப்படம் என்பது வஞ்சகன் செய்வது. அவனைப் பிடித்தாற் போதும். பாதுகாப்பின்மையோ நல்லவன் கையாலும் நேர்வது. ஒன்றும் கலவாத தூய மீனும் நண்பகல் வெயிலில் மூன்று மணி நேரம் கிடந்தால் தீங்காகும். ஆதலின் திருடனைத் தேடுவது போன்ற சோதனை இனிப் போதாது. வேலை நடைபெறும் முறையையே சோதித்தல் வேண்டும்.

இன்று உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒரு கடையினுள் நுழைந்தால் முதற்கண் அதன் உரிமத்தையோ பதிவுச் சான்றையோ பார்க்கின்றார். பின்னர்க் குளிர்ப்பெட்டி 5 பாகைக்குக் கீழிருக்கின்றதா, சூடாக வைத்தற்குரியது 60 பாகைக்கு மேலிருக்கின்றதா என அளக்கின்றார். பச்சை இறைச்சியும் சமைத்த உணவும் ஒரே பலகையில் நறுக்கப்படுகின்றனவா, நீர் எங்கிருந்து வருகின்றது, பொரித்த எண்ணெய் எத்தனை முறை மீண்டும் காய்ச்சப்பட்டது என்பனவற்றை நோக்குகின்றார். ஐயம் தோன்றின், விலை கொடுத்து மாதிரி எடுக்கின்றார். அம்மாதிரி நான்கு பகுதிகளாக்கி முத்திரையிடப்படும். ஒன்று பகுப்பாய்வாளர்க்குச் செல்லும். இரண்டு நியமன அலுவலரிடம் காவலில் இருக்கும். நான்காவது, கடைக்காரர் வேண்டினால் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். பகுப்பாய்வாளர் 14 நாளில் தம் முடிவைத் தெரிவித்தல் வேண்டும். குறை சிறிதாயின் திருத்திக்கொள்ளுமாறு அறிவிப்பு; திருந்தாவிடின் உரிமம் நிறுத்தம்; உயிர்க்கு இடர் உண்டாயின் உடனடித் தடை. நான்காம் பகுதி கடைக்காரருக்கு என்று சட்டம் ஒதுக்கியிருப்பது கருதத்தக்கது. சோதனை என்பது உண்பாரை மட்டுமன்றி, பழி சுமத்தப்பட்ட விற்பாரையும் காத்தற்குரியது என்பது இதனால் விளங்கும்.

ஒரு துரித உணவு நிறுவனத்தின் வரலாறு

சட்டம் இருந்தும் அதனை மதியாவிடின் விளைவது யாது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1993 சனவரியில், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில், ஜாக் இன் த பாக்ஸ் என்னும் துரித உணவு நிறுவனத்தின் கடைகளில் மாட்டிறைச்சி ஹாம்பர்கர் உண்டோர் பலர் கொடிய வயிற்றுப்போக்கால் வீழ்ந்தனர். அண்டை மாநிலங்களையும் சேர்த்து 700-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 4 குழந்தைகள் இறந்தனர். அரைத்த இறைச்சியில் ஈ.கோலை இனத்துக் கொடுங்கிருமி ஒன்று இருந்தது. இறைச்சியின் உட்பகுதி ஏறத்தாழ 68 பாகைச் சூடு பெறவேண்டும் என்று வாஷிங்டன் மாநிலம் முன்னரே விதித்திருந்தது. நிறுவனமோ நாட்டுப் பொதுவிதியாகிய 60 பாகையோடு நின்றது. எட்டுப் பாகைச் சூடும் சில நொடிப் பொழுதுமே அக்குழந்தைகளின் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே நின்றன.

இத்துயரத்திலிருந்து உலகம் இரண்டு பாடங்களைக் கற்றது. முதலாவது, சோதனையின் முடிவு அதிகாரியின் பேழையில் உறங்குதல் கூடாது. உண்பவர் கண்ணிற் படவேண்டும் என்பது. 1998 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்திலும், 2010 முதல் நியூயார்க் நகரத்திலும், உணவுச்சாலை பெற்ற தரத்தை ஏ, பி, சி என ஓர் எழுத்தாக வாயிலில் ஒட்டும் முறை வந்தது. நம் நாட்டிலும் 1 முதல் 5 வரை தரமிடும் திட்டம் ஒன்றுண்டு. எனினும் அது பெரும்பாலும் விரும்பிக் கேட்கும் கடைகளுக்கே ஆகின்றது. இரண்டாவது பாடம் இதனினும் ஆழமானது. ஆக்கி முடித்த பண்டத்தைச் சோதிப்பதனால் மட்டும் பயனில்லை. அது கெடக்கூடிய ஒவ்வொரு படியையும் முன்னரே கண்டறிந்து அப்படியிலேயே காவல் வைத்தல் வேண்டும் என்பது.

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய துயரம் நேர்ந்துள்ளது. 2023 செப்டம்பரில் நாமக்கல் நகரில் உணவுச்சாலையொன்றிலிருந்து வாங்கிய ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள்; வேறு பலரும் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். அதன்பின் மாநிலமெங்கும் கடைகள் சோதிக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டையிற் செய்யும் மயோனைசை அரசு தடைசெய்தது. இவை வேண்டிய செயல்களே. ஆயினும் ஒரு குழந்தை இறந்தபின் ஓடிவரும் சோதனை, வெள்ளம் வடிந்தபின் கட்டும் கரையையே ஒக்கும்.

விண்வெளியினின்று வந்த முறை

படிதோறும் காவல் வைக்கும் முறை பிறந்த கதை வியப்புக்குரியது. விண்வெளி வீரர்க்கு உணவு சமைக்கும் பொறுப்பை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பில்ஸ்பரி என்னும் நிறுவனம் ஏற்றது. வானில் ஒருவர்க்கு வயிற்றுநோய் கண்டால் மருத்துவரை அழைத்தல் இயலாது. செய்த பண்டத்தில் ஒரு பகுதியைச் சோதித்தால் மறுபகுதியைப் பற்றி உறுதி கூறவும் இயலாது. முழுவதையும் சோதித்தால் உண்ண எஞ்சுவது ஒன்றுமில்லை. ஆதலின் மூலப்பொருள் முதல் பொட்டலம் வரை எவ்விடத்தில் தீங்கு நுழையக்கூடும் என எண்ணி, அவ்விடந்தோறும் ஓர் அளவும், அளப்பவரும், அளந்ததை எழுதும் ஏடும் வைத்தனர். ஹாசப் எனச் சுருக்கமாக வழங்கும் இம்முறையை அமெரிக்கா 1995-இல் மீன்பொருள்களுக்குக் கட்டாயமாக்கியது. 1997 டிசம்பரில் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கச் சந்தைக்குச் செல்லும் அயல்நாட்டு இறாலுக்கும் அது பொருந்தும்.

விண்வெளிக்கும் பழவேற்காட்டுக்கும் நெடுந்தொலைவில்லை. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவே ஸ்ரீஹரிகோட்டை. 1971 முதல் அங்கிருந்து ஏவூர்திகள் விண்ணில் எழுகின்றன. வலை வீசும் மீனவர் தலைக்கு மேலே அவற்றின் தீக்கொழுந்து தோன்றி மறைகின்றது. விண்வெளிப் பயணத்தின் பொருட்டுப் பிறந்த உணவுக் காவல்முறை அத்தீவின் மறுகரையிலுள்ள குப்பங்களை முற்றும் வந்தடைந்துளதா என்பதே நம் வினா.

ஏரியும் குப்பங்களும்

பழவேற்காடு இந்தியாவின் உப்பங்கழிகளுள் சில்கா ஏரிக்கு அடுத்த பெருமையுடையது. அதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்திலும் அமைந்துள்ளது. ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புக, இரண்டும் கலந்த நீரில் வெள்ளை இறாலும் மடவையும் கொடுவாவும் சேற்று நண்டும் வளர்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இங்கே கெல்திரியாக் கோட்டையைக் கட்டி வாணிகம் செய்தனர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களின் மீனவர் பாடு என்னும் பழைய முறையைக் கையாள்கின்றனர். இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிட உரியவர் இன்னார் என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதே பாடு. வலியவன் நல்ல இடத்தை என்றும் கைக்கொள்ளாதவாறு அது காக்கின்றது. வலையும் படகும் இல்லாத இருளர் ஆழமற்ற நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துக் கூடையிற் சேர்க்கின்றனர்.

இனி அவ்விறாலின் வழியைப் பின்தொடர்வோம். நீரைவிட்டு வெளிவந்த கணத்திலேயே கேடு தொடங்குகின்றது. தக்க சூட்டில் ஒரு நுண்கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். அவ்வாறு தடையின்றிப் பெருகுமாயின் 7 மணி நேரத்தில் ஒன்று 20 இலட்சத்துக்கு மேலாகும். பனிக்கட்டியின் குளிர் அப்பெருக்கத்தை மிகவும் தாழ்த்துகின்றது. ஆதலின் மீனின் எடைக்கு ஏறத்தாழ ஒத்த எடையுள்ள ஐஸ் வேண்டும் என்பது நம் வெப்ப நாட்டில் வல்லுநர் கூறும் கணக்கு. அந்த ஐஸ் எந்நீரால் உறைந்தது என்பது அடுத்த வினா. கெட்ட நீரில் உறைந்த ஐஸ் மீனைக் குளிர்விக்கும். அதனோடு நோயையும் ஊட்டும். பின்னர் ஏலம் போடும் தரை, அள்ளும் கூடை, ஏற்றும் வண்டி, நகரத்துச் சந்தை, கடையின் குளிர்ப்பெட்டி என்று படிகள் தொடர்கின்றன.

நன்றாக வறுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது. சூரை, காணாங்கெளுத்தி முதலிய மீன்கள் வெயிலிற் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகின்றது. முகம் சிவந்து, தலை நொந்து, வாந்தி எடுக்கச்செய்யும் அப்பொருள் எண்ணெயிற் கொதித்தாலும் அழிவதில்லை. கரையில் இழந்த குளிரை அடுப்பு மீட்டுத்தராது. நகரத்து உணவுச்சாலையின் அடுக்களை எவ்வளவு தூயதாயினும், சோதனை அங்கு மட்டும் நடைபெறுமாயின் அது கதையின் கடைசி ஏட்டை மட்டும் படிப்பதாகும்.

இருவகைத் தட்டுகள்

1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மீன்பொருள்களைத் தன் எல்லைக்குள் வராதவாறு தடுத்தது. சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி காணப்பட்டதும், ஆலைகளின் சுகாதாரக் குறைகளுமே காரணம். அவ்வாண்டின் இறுதியில், தகுதியுடையனவென ஏற்கப்பெற்ற ஆலைகளின் பொருள்களுக்கு மட்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஆலைகள் விரைந்து திருந்தின, குளிரறைகள் அமைந்தன, நீர் சோதிக்கப்பட்டது, ஏடுகள் எழுதப்பட்டன. இயலாது என்று கூறப்பட்டவை யாவும் சில திங்களில் இயன்றன.

இஃது ஒருபுறம் மகிழ்ச்சிக்குரியது, மற்றொருபுறம் நாணத்தக்கது. ஒரே ஏரியில், ஒரே வலையில் அகப்பட்ட இறாலில், அயல்நாட்டார் தட்டுக்குச் செல்வது படிதோறும் அளக்கப்படுகின்றது. நம் தெருக்கோடிக் கடைக்குச் செல்வதை அவ்வாறு அளப்பார் இல்லை. மனித உடல் எங்கும் ஒரு தன்மையதே. கடல் கடந்தவன் குடலுக்கு ஒரு காவல், நம் மகவின் குடலுக்கு வேறொரு காவல் என்பது நீதியாகாது.

அச்சமும் அதன் சுமையும்

2018-ஆம் ஆண்டின் நடுவில், பிணங்களைக் கெடாது வைத்தற்குரிய பார்மலின் மீனில் தெளிக்கப்படுவதாகச் செய்தி பரவிற்று. கேரளத்தில் எல்லைச்சாவடிகளில் வண்டிகள் மறிக்கப்பட்டன. கோவா அரசு பிற மாநில மீன்வரவை நிறுத்தியது. சென்னைச் சந்தைகளின் மாதிரிகள் பற்றியும் பேச்செழுந்தது. மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் செய்த எளிய சோதனைத் தாள் அப்போது பலர் கைக்கும் வந்தது. குற்றம் எங்கோ சில வணிகர் செய்தது. அச்சமோ எல்லா மீனின் மேலும் படிந்தது.

இத்தகைய நாட்களில் குப்பத்தார் நிலை யாது? விடியற்காலையில் பிடித்து அன்றே விற்கும் மீனுக்குப் பார்மலின் எதற்கு? ஆயினும், தன் மீன் தூயது என்று காட்டக் கூடைக்காரியிடம் ஓர் ஏடும் இல்லை, ஒரு சான்றும் இல்லை. வாங்குவார் இல்லையெனின் அவள் கூடை அன்று மாலையே குப்பையாகும். நகரத்துக் கடைக்காரர் கோழிக்கு மாறிக்கொள்ளலாம். மீனவர் மாறுதற்கு வேறு ஏரியில்லை. இதனால் ஓர் உண்மை பெறப்படும்: ஒழுங்கான சோதனையின் ஏடு செல்வர்க்கு வேண்டும் அலங்காரமன்று, ஏழையின் உடைமை. ஐயம் எழும் நாளில் நல்லவனைத் தீயவனினின்று பிரித்துக்காட்ட அதனையன்றி வேறு துணையில்லை.

ஆதலின் சோதனையைக் கண்டு குப்பத்தார் அஞ்சும் நிலை மாறல் வேண்டும். ஐஸும் நன்னீரும் கழுவத்தக்க ஏலத்தரையும் தாராது, அபராதச் சீட்டை மட்டும் நீட்டுவது முறையன்று. முதலில் வசதி, அடுத்துப் பயிற்சி, அதன்பின் சோதனை, இறுதியில் ஒறுப்பு என்பதே நேரிய வரிசை. ஒவ்வோர் இறங்குதுறையிலும் மீன் வந்த நேரம், இட்ட ஐஸின் அளவு, சென்ற வண்டி ஆகிய மூன்றையும் தமிழில் எழுதும் சிறு ஏடு ஒன்றிருந்தால், நகரத்துக் கடைக்காரர் அதனைக் கேட்டு வாங்கலாம். அலுவலர் கடைவாயிலிலிருந்து கரைவரை பின்னோக்கிச் சென்று பார்க்கலாம். பாட்டு முறையை எழுத்துப் பிசகாது தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் மக்களுக்கு இவ்வேடு எழுதுதல் அரிய செயலன்று.

மாணவராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. உணவுச்சாலையில் நுழைந்தால் விலைப்பட்டியைப் படிக்கும் நாம், சுவரில் தொங்கும் உரிமத்தின் 14 இலக்க எண்ணைப் படிப்பதில்லை. குளிர்ச்சி குன்றிய இறாலைத் திருப்பிக் கொடுக்கவும், குறைகண்டால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதவும் நாணுகின்றோம். நம் கல்லூரியினின்று வெளிச்செல்வாருள் மருத்துவரும் அதிகாரியும் வணிகரும் ஆவோர் பலர். அவர் கையில் இவ்வேடுகள் ஒருநாள் வரும். அவற்றைப் பூட்டி வைப்பதா, வாயிலில் ஒட்டுவதா என்பதை அன்று அவரே முடிவு செய்வர்.

நம் ஆண்டவர் விண்ணரசை வலைக்கு ஒப்பிட்ட உவமையை நாம் அறிவோம். வலை நிறைந்ததும் மீனவர் அதனைக் கரைக்கு இழுத்து, அங்கேயே அமர்ந்து, நல்லவற்றைக் கலங்களிற் சேர்த்து, ஆகாதவற்றை எறிந்துவிடுகின்றனர். அவர்கள் பிரித்தெடுத்தது சந்தையிலன்று, விருந்து மேசையிலன்று, கரையிலேயாம். உணவுச் சோதனை தொடங்கவேண்டிய இடமும் அதுவே.